மருந்தும் இல்லை, சாப்பாடும் இல்லை: சத்துப் போத்தல்கள் எங்கள் வீடுகளுக்கு வந்து சேரும் வழி

வன்னியில் இருக்கும் எனது பெரியம்மாவின் வீட்டில், சுவாமித்தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகைத் தட்டு இருக்கிறது. கடைசியாகப் போனபோது அதில் ஐந்து போத்தல்களும் ரின்களும் வரிசையாக இருந்தன. கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய மீனெண்ணெய்க் குளிசை. பேரப்பிள்ளைக்கென்று லண்டனில் இருந்து வந்த, ரொபி போன்ற விற்றமின். முழங்கால் வலிக்கு ஒரு பச்சைத் தூள். 'இரத்தத்தைச் சுத்தமாக்கும்' நோனிச் சாறு ஒரு போத்தல். பெரியவர்களுக்கான சத்துமா ஒரு பெரிய ரின். இவற்றுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், கிளினிக்கில் இலவசமாகக் கொடுத்த சலரோகக் குளிசைகள் கடதாசிப் பைக்குள் இருந்தன. இரண்டு நேரம் போட வேண்டியதை ஒரு நேரம்தான் போடுகிறாராம்.

ஏன் என்று கேட்டேன். “சாறு குடிக்கிறன்தானே மோனை. அது மருந்தில்லை, சாப்பாடு. பக்கவிளைவு ஒண்டும் இல்லையெண்டு அந்தப் பிள்ளை சொன்னது.”

சாறும் தூளும் விற்றது இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு பெண். கணவரைப் போரில் இழந்தவர். மூன்று பிள்ளைகள். அவரும் பெரியம்மாவை ஏமாற்றவென்று வந்தவர் அல்லர். தானும் அதே சாற்றைக் குடிக்கிறார். தனக்கு மேலே இருப்பவர் சொன்னதை நம்பித்தான் விற்கிறார். இந்தக் கட்டுரை அந்தத் தட்டில் இருந்த பொருட்களைப் பற்றியது. அவை என்ன, எவருக்கு உதவும், எவருக்கு ஆபத்து, எப்படி எங்கள் படலை வரை வருகின்றன என்பவற்றைப் பார்ப்போம்.

'சாப்பாடுதான்' என்ற சொல்லின் பின்னால்

ஒரு மருந்து கடைக்கு வரும் முன்னர், அது சொல்லும் வேலையைச் செய்கிறதா என்று பரிசோதித்துக் காட்ட வேண்டும். உணவுக்கு அந்தக் கடப்பாடு இல்லை. கெட்டுப்போகாமல், நஞ்சில்லாமல் இருந்தால் போதும். குறைநிரப்பு உணவுகள் என்று சொல்லப்படும் விற்றமின், கனியுப்பு, மூலிகைச் சாறு, புரதத்தூள் போன்றவை இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கின்றன. இந்த இடைவெளிதான் அவற்றின் வியாபார பலம். கேள்வி வரும்போது உணவு, விற்கும்போது மருந்து.

உலகச் சந்தையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது அமெரிக்கா 1994 இல் நிறைவேற்றிய ஒரு சட்டம். அதன்படி இந்தப் பொருட்களை விற்பதற்கு முன்னர் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் (எப்.டி.ஏ) அனுமதி தேவையில்லை. விற்பனைக்கு வந்த பின்னர் தீங்கு என்று கண்டால் அந்த நிர்வாகம்தான் அதை நிரூபித்து நிறுத்த வேண்டும். ஆகவே 'எப்.டி.ஏ அங்கீகாரம் பெற்றது' என்று எவராவது ஒரு சத்துப் போத்தலைக் காட்டினால், அந்த வசனமே பிழையானது. அந்த அமைப்பு இவற்றை அங்கீகரிப்பதில்லை. தொழிற்சாலை அங்கே பதிவு செய்யப்பட்டிருக்கலாம். அது வேறு விடயம். அதே சட்டம், நன்மைகளைச் சொல்லும் போத்தல்களில் சிறிய எழுத்தில் ஒரு வாசகத்தையும் போடச் சொல்கிறது: இது எந்த நோயையும் கண்டறியவோ, குணப்படுத்தவோ, தடுக்கவோ தயாரிக்கப்பட்டதல்ல. அமெரிக்காவில் இருந்து வந்த போத்தல் வீட்டில் இருந்தால் திருப்பிப் பாருங்கள். விற்றவர் வாயால் சொன்னதை அந்தப் போத்தலே மறுத்துக்கொண்டிருக்கும்.

இலங்கையில், 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் கீழ், மருந்தின் இயல்பும் உணவின் இயல்பும் கலந்த பொருட்கள் தனி வகையாக வருகின்றன. வெறும் உணவாக விற்கப்படுபவை 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழும், சுதேச மருந்துகள் ஆயுர்வேதத் திணைக்களத்தின் கீழும் வரும். மூன்று கதவுகள் இருப்பதால், எந்தக் கதவால் நுழைவது இலகு என்று பார்த்து நுழைபவர்களும் உண்டு.

இதற்கு நல்ல உதாரணம் 2020 டிசெம்பரில் நாடு முழுவதும் பேசப்பட்ட கேகாலைப் பாணி. தேனும் சாதிக்காயும் சேர்ந்த அந்தப் பாணி கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்லப்பட்டது. நோய்த்தொற்றுக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அதை வாங்க முண்டியடித்தார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி கமராக்களுக்கு முன்னால் அதைக் குடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று உறுதியானது. அந்தப் பாணிக்குக் கிடைத்திருந்த அனுமதி ஒரு குறைநிரப்பு உணவு என்ற வகையிலானது. கொரோனாவுக்கு மருந்து என்று எவரும் அதைப் பரிசோதித்து நிரூபித்திருக்கவில்லை. 'அனுமதி இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், எதற்கான அனுமதி என்று கேட்பதுதான் முதற் கேள்வி.

உண்மையில் தேவைப்படும் இடங்கள்

எல்லாக் குளிசையும் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி இரும்புச்சத்துக் குளிசையைக் குப்பையில் போடக்கூடும். விற்றமின் என்ற ஒன்று இருப்பதே நோயாளிகளின் வேதனையில் இருந்துதான் தெரியவந்தது. 1890களில் யாவாத் தீவில் வேலை செய்த ஒல்லாந்து மருத்துவர் எய்க்மன், தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்ற கோழிகள் கால் இழுத்து விழுவதையும், தவிடு போகாத அரிசியால் அவை தேறுவதையும் கண்டார். மனிதரில் அந்த நோயின் பெயர் பெரிபெரி. தவிட்டோடு போய்விடும் விற்றமின் பி1 தான் காரணம் என்பது பின்னர் தெளிவானது. 1929 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது அந்தச் சத்து உள்ளே அரிசிமணிக்குள் இறங்கிவிடும். ஆகவே புழுங்கலரிசி தின்றவர்களுக்குப் பெரிபெரி குறைவு. எங்கள் அம்மம்மாமார் எந்தப் போத்தலும் வாங்காமல் செய்த வேலை அது.

இன்றும் சில தேவைகள் ஐயத்துக்கு இடமில்லாதவை. கருத்தரிக்க முன்னரும் கருவின் முதல் வாரங்களிலும் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் எடுத்தால், குழந்தையின் முள்ளந்தண்டும் மூளையும் மூடாமல் போகும் பிறவிக் குறைபாடு பெருமளவு குறைகிறது. முன்பு அவ்வாறான குழந்தையைப் பெற்ற தாய்மாரிடம், இதைவிடக் கூடிய அளவு கொடுத்து 1991 இல் முடிந்த பிரித்தானிய ஆய்வொன்றில் 72 சதவீதம் குறைந்தது. அதனால்தான் திருமணமான கையோடு குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியச் சொல்கிறார்கள். கர்ப்பம் தெரிந்த பிறகு தொடங்கினால் அந்த வாரங்களில் பாதி கடந்துவிடும். உப்பில் அயடீன் சேர்ப்பது 1995 இல் இலங்கையில் கட்டாயமாக்கப்பட்டது. கண்டமாலைக்கு எதிரான மலிவான வழி அதுவே. 1973 முதல் வழங்கப்படும் திரிபோஷாவும் இந்த வகையைச் சேர்ந்ததே. சோளமும் சோயாவும் விற்றமின்களும் சேர்ந்த மா அது. இலவசமாகக் கிடைப்பதால் மதிப்புக் குறைவாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இரும்புச்சத்துக் குளிசையை எடுத்தும் இரத்தம் ஏறவில்லை என்று சொல்பவர்களிடம் தேத்தண்ணி எப்போது குடிப்பீர்கள் என்று கேட்க வேண்டும். சாப்பாட்டோடும் குளிசையோடும் குடிக்கும் சாயம் இரும்பை உடம்பு உறிஞ்ச விடாது. கல்சியக் குளிசையும் அப்படியே. இரண்டுக்கும் இடையில் சில மணி நேரம் விடுங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு எடுத்தால் உறிஞ்சுவது கூடும். மலம் கறுப்பாகப் போவது வழமை. அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். ஆனால் இரத்தச்சோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதல்ல. தலசீமியாக் குறை உள்ளவர்களுக்குத் தேவையில்லாத இரும்பு உடம்பில் தங்கித் தீங்கு செய்யும். இரத்தம் சோதித்துப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

அதிகம் கவனிக்கப்படாத இன்னொன்று விற்றமின் பி12. சலரோகத்துக்குப் பல வருடங்களாக மெற்போமின் எடுப்பவர்களில் சிலருக்கு இது குறைந்துவிடும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கும் குறையும், ஏனெனில் இது மீன், முட்டை, பால், இறைச்சியில்தான் இயற்கையாகக் கிடைக்கிறது. கால் விறைப்பு, எரிவு, மறதி வரும்போது 'சலரோகம்தான்' என்று விட்டுவிடுகிறோம். கிளினிக்கில் பி12 பற்றி ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ வாழ்பவர்களுக்குப் புரதம் உண்மையிலேயே கூடுதலாக வேண்டும். படுக்கைப்புண் ஆறுவது புரதத்தில் தங்கியிருக்கிறது. இவர்களுக்குச் சத்துமா ரின் உதவக்கூடும், வேறு வழியில் சாப்பிட முடியாவிட்டால். ஆனால் ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. பருப்பில் நூற்றுக்கு 24 பங்கு புரதம். நெத்தலிக் கருவாடு இதிலும் செறிவானது, முள்ளோடு தின்றால் கல்சியமும் கிடைக்கும். ஒரு ரின்னின் விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உள்ளடக்கப் பட்டியலில் எது கூடுதலாக இருக்கிறதோ அது முதலில் எழுதப்பட்டிருக்கும். முதலாவதாகச் சீனியோ, குளுக்கோஸ் பாகோ, மோல்ற்றோடெக்ஸ்ரினோ இருந்தால் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் மாவும் இனிப்பும்தான். சலரோகக்காரர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பரிசோதித்தபோது என்ன தெரிந்தது

மகன் அனுப்பிய மீனெண்ணெயில் இருந்து தொடங்குவோம். 1000 மில்லிகிராம் என்று பெரிதாக எழுதியிருக்கும் சாதாரணக் குளிசையில், பயன்படும் ஒமேகா-3 கொழுப்பு ஏறக்குறைய 300 மில்லிகிராம்தான். மிகுதி வேறு எண்ணெய். 25,871 பேரிடம் நடத்தி 2018 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நாளொன்றுக்கு ஒரு கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கும் வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கும் இடையே, மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதோ புற்றுநோயிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதே ஆய்வில் விற்றமின் டி எடுத்தவர்களுக்கும் அப்படியே. இரத்தத்தில் குறிப்பிட்ட வகைக் கொழுப்பு மிகக் கூடியவர்களுக்கு வைத்தியர் கூடிய அளவில் எழுதிக் கொடுப்பது வேறு. சாளை போன்ற நெய்யுள்ள சிறுமீன் வாரத்தில் இரண்டு தரம் கறியில் விழுகிற வீட்டுக்கு, கனடாவில் இருந்து மீனெண்ணெய் வரத் தேவையில்லை. மகனுக்கு இதைச் சொல்வது கஷ்டம்தான். போத்தலுக்குள் எண்ணெய் மட்டும் வருவதில்லையே.

முழங்கால் வலிக்கு விற்கப்படும் குளுக்கோசமின் பற்றி 2006 இல் 1,583 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. குளுக்கோசமின் எடுத்தவர்களில் 64 சதவீதமானோருக்கு வலி குறைந்தது. நல்ல மருந்துதானே என்று தோன்றும். ஆனால் ஒன்றுமே இல்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களிலும் 60 சதவீதமானோருக்கு வலி குறைந்தது! இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியது என்பதே முடிவு.

இந்த 60 சதவீதத்தை மனதில் வைத்திருங்கள். 'எனக்குச் சுகம் வந்தது' என்று கூட்டங்களில் எழுந்து சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. வலி கூடிக் குறைவது வழமை. தாங்க முடியாமல் கூடியிருக்கும்போதுதான் நாங்கள் புதிதாக ஒன்றை வாங்குகிறோம். பிறகு அது தானாகக் குறையும்போது பெயர் போத்தலுக்குப் போய்விடும். குறையாதவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை.

இரண்டு நோபல் பரிசு பெற்ற லைனஸ் போலிங் என்ற விஞ்ஞானி 1970 இல் விற்றமின் சி தடிமனைத் தடுக்கும் என்று புத்தகம் எழுதினார். உலகம் முழுவதும் விற்றமின் சி விற்றுத் தீர்ந்தது. பின்னர் வந்த ஆய்வுகள், சாதாரண மக்களுக்குத் தடிமன் வருவதை அது தடுக்கவில்லை, தொடர்ந்து எடுப்பவர்களுக்கு அது இருக்கும் நாட்கள் சிறிது குறைகின்றன, அவ்வளவுதான் என்று காட்டின. எவ்வளவு பெரிய ஆள் சொன்னார் என்பது ஆதாரம் ஆகாது.

அதைவிடப் பாரதூரமானது பீற்றா கரோட்டின் கதை. கரட் போன்றவற்றில் இருக்கும் சத்துத்தான். பழமும் மரக்கறியும் அதிகம் சாப்பிடுபவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்று கண்டு, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு அதைக் குளிசையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994 இல் முடிவு வந்தபோது, குளிசை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இதே போன்ற ஆய்வு 1996 இல் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. கரட் தின்பதும் கரட்டில் இருக்கும் ஒன்றைப் பிரித்தெடுத்து அதிக அளவில் விழுங்குவதும் ஒன்றல்ல என்பதை இந்த ஆய்வுகளே உணர்த்தின.

பக்கவிளைவு இல்லையா?

வவுனியா, முல்லைத்தீவு உள்ளிட்ட வரண்ட வலயத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் இருப்பது வாசகர்களுக்குத் தெரியும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இரத்தத்தில் பொற்றாசியம் கூடினால் இதயத்துடிப்பே நின்றுவிடலாம். நோனிச் சாற்றில் பொற்றாசியம் உண்டு. அதைக் குடித்த சிறுநீரக நோயாளி ஒருவருக்குப் பொற்றாசியம் ஏறிய சம்பவம் 2000 இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. புரதத்தூளும் இவர்களுக்கு வைத்தியரைக் கேட்காமல் கூடாது. நோனி வேறு எதுவும் இல்லை, எங்கள் வளவுகளில் நிற்கும் மஞ்சவண்ணாவின் இனம்தான். 1998 இலேயே அமெரிக்காவின் நான்கு மாநிலங்கள் தலையிட்டு, இந்தச் சாறு சலரோகத்தையும் வேறு நோய்களையும் மாற்றும் என்று சொல்வதை அங்குள்ள பிரதான விற்பனை நிறுவனம் நிறுத்தும்படி செய்தன. அமெரிக்காவில் சொல்லக் கூடாது என்று தீர்ந்த கதை, இத்தனை வருடம் கழித்துப் பெரியம்மாவின் திண்ணையில் சொல்லப்படுகிறது.

இரத்தம் உறையாமலிருக்க வோபரின் எடுப்பவர்களுக்கு விற்றமின் கே உள்ள கூட்டுக் குளிசை மருந்தின் வேலையைக் குழப்பும். தைரொக்சின் எடுப்பவர்கள் கல்சியத்தையும் இரும்பையும் அதோடு சேர்த்து எடுத்தால் தைரொக்சின் உடம்பில் சேராது. கர்ப்பிணிகள் விற்றமின் ஏ கூடிய குளிசை எடுத்தால் குழந்தைக்குக் குறைபாடு வரலாம். சிறுபிள்ளை உள்ள வீட்டில், ரொபி போன்ற விற்றமினையும் இரும்புக் குளிசையையும் எட்டாத இடத்தில் வையுங்கள். கைநிறைய இரும்புக் குளிசை விழுங்கிய குழந்தை இறந்துபோகக் கூடும்.

எனக்கு அதிகம் பயம் தருவது, போத்தலில் எழுதப்படாமல் உள்ளே இருப்பவை. 'ஆர்ட்ரி கிங்' என்ற பெயரில் மூட்டுவலிக்கு விற்கப்பட்ட 'இயற்கை'க் குளிசைகளைப் பரிசோதித்த எப்.டி.ஏ, அவற்றுக்குள் டைக்குளோபெனாக் என்ற வலி மருந்தும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட்டும் மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதாக 2022 இல் எச்சரித்தது. வலி மாயமாகப் பறந்ததன் இரகசியம் அதுதான். முகம் வட்டமாக ஊதுவது, சீனி திடீரென ஏறுவது, இலகுவில் தோல் கண்டிப்போவது இதன் அடையாளங்கள். மாதக்கணக்கில் எடுத்த ஒருவர் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினாலும் ஆபத்து. போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சுதேச மருந்து என்றாலும் கவனம் வேண்டும். இணையத்தில் விற்கப்பட்ட ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆசனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தது. தகுதி பெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியர் நோயாளியைப் பார்த்துக் கொடுப்பதை நான் இதில் சேர்க்கவில்லை. பெயர் தெரியாத பொதியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

உடம்பில் செல் துண்டோடு வாழ்பவர்கள் எங்களிடையே பலர். நச்சை இறக்கும் 'டிடொக்ஸ்' சாறு எதனாலும் உலோகத் துண்டைக் கரைக்கவோ வெளியேற்றவோ முடியாது. பெரும்பாலான துண்டுகளைச் சுற்றி உடம்பே ஒரு தடித்த உறையைக் கட்டிவிடும். மூட்டுக்குள் இருக்கும் ஈயத் துண்டு மெல்ல இரத்தத்தில் கலக்கக்கூடியது. சந்தேகம் இருந்தால் இரத்தத்தில் ஈயத்தை அளந்து பார்க்கலாம். கூடியிருந்தால் அதற்கான சிகிச்சை வைத்தியசாலையில்தான் இருக்கிறது.

விற்பனையின் முறை

பட்டினி தெரிந்த சனம் நாங்கள். மே மாதத்தில் உப்பில்லாக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும்போது நினைவு கூருவது அந்த வரிசையைத்தான். அந்த நாட்களில் கைக்குழந்தை வைத்திருந்த தாய்க்கு, 'உங்கட பிள்ளைக்கு அப்ப சத்துக் கிடைக்கேல்லை, அதுதான் படிப்பு ஏறேல்லை' என்று ஒருவர் சொன்னால் அது எங்கே போய்க் குத்தும் என்று சொல்லத் தேவையில்லை. குற்றவுணர்வு உள்ள இடத்தில் விலை கேட்பார் இல்லை. தூக்கம் வராதவருக்கு 'நரம்புச் சத்து', பரீட்சை எழுதும் பிள்ளைக்கு 'ஞாபக சக்தி', ஊருக்கு வராத மகனுக்கு 'அம்மாவைக் கவனிக்கிறேன்' என்ற நிம்மதி. ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி பேச்சு மாறும்.

பெரிய கம்பனிகளும் இதிலிருந்து விலகி நிற்பதில்லை. பிள்ளைகள் உயரமாக, பலமாக, கூர்மையாக வளர்வார்கள் என்ற ஹோர்லிக்ஸ் விளம்பரம் ஒன்று, பங்களாதேசுக்கென்று தயாரிக்கப்பட்டு, பிரித்தானியாவில் ஒரு நேபாளத் தொலைக்காட்சியில் ஓடியது. ஆதாரம் இல்லை என்று 2008 இல் அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு அதைத் தடைசெய்தது. அங்கே சொல்ல முடியாததைத் தெற்காசியத் தாய்மாருக்குச் சொல்லலாம் என்பதுதான் அதன் பின்னால் இருந்த கணக்கு. 2024 ஏப்ரலில் ஹோர்லிக்ஸை இந்தியாவில் விற்கும் கம்பனியே அந்த வகைக்கு 'ஆரோக்கிய பானம்' என்ற பெயரைக் கைவிட்டது.

கிராமங்களில் ஒரு கருவியும் வருகிறது. கையில் ஓர் உலோகக் குச்சியைப் பிடிக்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் மடிக்கணினியில் பல பக்க அறிக்கை தருவார்கள். கல்சியம் குறைவு, ஈரல் பலவீனம், இரத்தத்தில் நச்சு. கடைசியில் அந்தக் குறைகளுக்கெல்லாம் அவர்களிடமே போத்தல் இருக்கும். உள்ளங்கையில் பிடிக்கும் ஒரு குச்சியால் இரத்தக் கல்சியத்தை அளக்க எந்த வழியும் இல்லை. அதற்கு ஊசி ஏற்றி இரத்தம் எடுக்க வேண்டும், அரச வைத்தியசாலையில் வைத்தியர் எழுதினால் அது இலவசம்.

சங்கிலியின் கடைசியில் இருப்பவர்கள்

பெரியம்மாவுக்கு விற்ற பெண்ணிடம் பேசினேன். முதலில் ஒரு பொதி வாங்கினால்தான் சேர முடியும். நுண்கடன் எடுத்து வாங்கியிருக்கிறார். மாதாமாதம் குறிப்பிட்ட புள்ளிக்கு வாங்கினால்தான் 'தரம்' நிலைக்கும். விற்காதது வீட்டில் அடுக்கியிருக்கிறது. ஆறு பேரைச் சேர்த்தால் அவர்களின் விற்பனையிலும் பங்கு வரும் என்றார்கள். மூன்று பேர் சேர்ந்தார்கள், ஒருவர் சொந்தத் தங்கை.

ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்ப்பது என்றால் முதற்படியில் 6 பேர், அடுத்ததில் 36, பிறகு 216. ஏழாவது படியில் 279,936 பேர் வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகையே ஏறக்குறைய 92,000. பத்தாவது படியில் இலங்கையின் சனத்தொகையும் போதாது. ஆகவே இந்தச் சங்கிலியில் பெரும்பாலானவர்கள் எப்போதும் கடைசிப் படியில்தான் இருப்பார்கள். அது அவர்களின் முயற்சிக் குறைவால் அல்ல. கூட்டங்களில் மட்டும் 'உங்களுக்கு நம்பிக்கை காணாது' என்று சொல்வார்கள்.

2016 இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு, சத்துமா விற்கும் ஹேர்பலைப் நிறுவனத்தின் மீது இதே காரணத்துக்காக நடவடிக்கை எடுத்தது. விற்பனையைவிட ஆட்சேர்ப்புக்கே வெகுமதி கிடைக்கும் முறை அது என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் 200 மில்லியன் டொலர் கொடுத்து, தனது கொடுப்பனவு முறையை மாற்றச் சம்மதித்தது. அந்தப் பணம் ஏறக்குறைய 350,000 பேருக்குக் காசோலையாகப் பிரித்து அனுப்பப்பட்டது. இலங்கையில் வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடைசெய்கிறது. அதை நடத்துவதும் அதில் ஆட்களைச் சேர்ப்பதும் குற்றம். தடைசெய்யப்பட்டவை என்று தீர்மானித்த நிறுவனங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டு வருகிறது. பொருள் கைமாறும் நேரடி விற்பனை எல்லாமே பிரமிட் அல்ல. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வெளி ஆளுக்குப் பொருள் விற்று வரும் காசு கூடவா, புதிய ஆள் சேரக் கட்டும் காசு கூடவா?

வாங்க முன்னரும் வாங்கிய பின்னரும்

ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றை ஒரு பையில் போட்டு அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். பேசுவார்கள் என்று பயந்து மறைப்பவர்கள் அதிகம். ஆனால் வைத்தியருக்குத் தெரியாத ஒரு குளிசைதான் பிழைக்க விடாமல் செய்யும். முக்கியமாக, எந்தப் போத்தலுக்காகவும் இன்சுலினையோ, வலிப்புக் குளிசையையோ, மனநலக் குளிசையையோ, பிரஷர் குளிசையையோ குறைக்க வேண்டாம். இன்சுலினையே நம்பி வாழும் பிள்ளை அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போகலாம். விற்பவர் 'முதல் இரண்டு கிழமை வருத்தம் கூடும், அது நச்சு வெளியேறுவது' என்று சொன்னால் அதை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். அது பக்கவிளைவாகத்தான் இருக்கும்.

ரசீது தராமல் விற்றால் வாங்காதீர்கள். பிழை என்று கண்டால் போத்தல், பொதி, ரசீது, வட்ஸ்அப்பில் வந்த விளம்பரம் ஆகியவற்றை எறியாமல் வைத்திருங்கள். பொருளின் தரம், விலை, பொய் விளம்பரம் பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம். உணவு என்று விற்கப்பட்டதைப் பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். சங்கிலித் திட்டத்தில் கட்டிய காசு என்றால் பொலிஸில் முறைப்பாடு செய்யலாம், மத்திய வங்கிக்கும் எழுதலாம்.

பெரியம்மா இப்போது சலரோகக் குளிசையை இரண்டு நேரமும் போடுகிறார். சாற்றுப் போத்தலை வைத்தியரிடம் காட்டியபோது, சிறுநீரகத்துக்கும் ஓர் இரத்தச் சோதனை எழுதிக் கொடுத்தார். மீனெண்ணெய் மட்டும் தட்டில் இருக்கிறது. மகன் வீடியோவில் கதைக்கும்போது அது பின்னால் தெரிய வேண்டுமாம்.